கால்வாய்க் கரையில் அணைந்த உலைகள்

இங்கிலாந்தின் ஷ்றொப்ஷயர்ப் பகுதியிலே செவேண் நதி ஆழ்ந்த பள்ளத்தாக்கொன்றினூடாகப் பாய்கின்றது. அதன் அருகேயுள்ள கோல்புறூக்டேலில், 1709ஆம் ஆண்டிலே ஏபிரகாம் டாபி என்பார் மரக்கரிக்குப் பதிலாக, நிலக்கரியைச் சுட்டுப் பெறும் கற்கரியைக் கொண்டு இரும்பை உருக்கினார். காட்டை வெட்டாமலே இரும்பு பெருக வழி பிறந்தது.

ஆயின் நிலக்கரியும் இரும்பும் மலைமேல். அவற்றை ஏற்றிச் செல்லும் நதியோ பள்ளத்தில். இடையே இறக்கம் 207 அடி. படிப்படியாக மதகுகள் அமைப்பதாயின் இருபத்தேழு வேண்டும். மலையுச்சியில் அவற்றுக்கேற்ற நீருமில்லை. ஆகவே, 1790களில் ஷ்றொப்ஷயர்க் கால்வாயை அமைத்தோர் ‘ஹே’ சரிவைக் கட்டினர். ஐந்து தொன் சுமந்த படகைச் சில்லுகள் பூட்டிய தாங்கியில் ஏற்றித் தண்டவாளத்தின் வழியே இறக்குவர். கயிற்றின் மறுமுனையிலுள்ள படகை அப்பாரமே மேலே இழுத்துவிடும். உச்சியில் படகைக் கால்வாயினின்றும் கரையேற்ற மட்டுமே நீராவிப்பொறி உதவிற்று. மதகுகளில் மூன்று மணி நேரம் கொள்ளக்கூடிய வேலை, நான்கே நிமிடத்தில் முடிந்தது.

கால்வாயின் கரையிலே, பிளிஸ்ற்ஸ் ஹில் என்னுமிடத்தில் 1832, 1840, 1844ஆம் ஆண்டுகளில் மூன்று ஊதுலைகள் எழுந்தன. பின்னர் புகையிரதம் வந்தது, கால்வாய் தளர்ந்தது. 1894இல் சரிவு ஓய்ந்தது. 1912இல் உலைகளும் அணைந்தன. புதர் மூடிய அவ்விடத்தைக் காக்க 1967இல் ஒரு நம்பிக்கைப் பொறுப்பு நிறுவப்பட்டது. 1973இல் பிளிஸ்ற்ஸ் ஹில் திறந்தவெளிக் காட்சிச்சாலையாயிற்று. 1986இல் அப்பள்ளத்தாக்கு உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்டது.

இன்று அங்கு செல்வோர் நீர் நிறைந்த கால்வாய்த் துண்டையும், சரிவிலே மீண்டும் இடப்பட்ட தண்டவாளத்தையும், உலைகளின் அடித்தளங்களையும் காண்பர். புகையில்லை, இரைச்சலில்லை. பசுமை சூழ்ந்த அக்காட்சி கண்ணுக்கு இனியதே. அந்த இனிமையே ஓர் அபாயமுமாகும். உலை இரவும் பகலும் எரிந்தது. அதன் முன்னே மனிதர் வெந்தனர். பத்து வயது நிரம்பாத சிறுவர் பிரித்தானியச் சுரங்கங்களுள் இறங்கி உழைப்பதைத் தடுக்கும் சட்டம் 1842இலேதான் வந்தது. பாலம் கட்டியவரின் பெயர் நூலில் உண்டு; படகு தள்ளியவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை.

இடிந்த சுவரைப் பேணுதல் எளிதன்று. பெரும் பொருள் வேண்டும். அப்பொருட் செலவு வீணாகாதிருக்க வேண்டுமாயின், சுவரைப் பார்ப்பவர் அதன் உயரத்தை அளப்பதோடு அமையாது, அச்செங்கல்லைச் சுமந்த தோள் யாருடையது எனவும் வினவுதல் வேண்டும்.