ஆன் ஆகிறது, டிஸ்ப்ளே வரவில்லை

1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி எத்தனையோ சிறு பட்டறைகள். அங்குள்ள பழைய சிஎன்சி லேத்துக்குப் புரோகிராம் அனுப்ப ஆர்.எஸ். 232 என்னும் சீரியல் போர்ட் வேண்டும். இப்போது வரும் கணினிகளில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் பட்டறை மூலையில் தூசி படிந்து நிற்கும் கிழட்டுக் கணினி படுத்துக்கொண்டால் லேத்தும் நின்றுவிடும். அதை எழுப்பித் தருகிறவரின் கைவேலையை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன்.

ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. அடிக்கடி வரும் புகார் இது. கைதேர்ந்தவர் உடனே புதுப் பொருள் எதையும் மாட்டமாட்டார், இருப்பதைக் கழற்றுவார். ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், கூடுதல் கார்டுகள் எல்லாம் வெளியே வரும். மதர்போர்டு, பிராசஸர், ஒரே ஒரு ரேம், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி, இவ்வளவுதான் மிஞ்சும். பிறகு அந்த ரேமையும் உருவிவிட்டு ஆன் செய்வார். பீப், பீப் என்று போர்டு கத்தினால் அவருக்கு நிம்மதி. கத்துவதற்கு உயிர் இருக்கிறது. போர்டும் பிராசஸரும் அநேகமாக நன்றாக இருக்கின்றன. 1981இல் வந்த ஐபிஎம் பிசி காலத்திலிருந்தே கணினி விழித்தவுடன் தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது. திரையில் எழுத்து வருவதற்கு முன்பே கோளாறு தெரிந்தால், ஒலியால்தானே சொல்ல முடியும்? எத்தனை பீப், நீளமா குட்டையா என்பது பயாஸ் தயாரிப்பாளருக்குத் தக்கபடி மாறும். அந்தக் காது பழக்கத்தில் வருவது.

நம் ஊர்த் தூசியிலும் ஈரக்காற்றிலும் ரேமின் பொன்னிறப் பற்கள் மங்கிப்போகும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு மாட்டினால் பல கணினிகள் எழுந்துவிடும். உப்புத்தாள் வேண்டாம், பூச்சே போய்விடும்.

அடுத்தது கண்ணுக்கு வேலை. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த போர்டுகள் பலவற்றில் தரம் கெட்ட மின்பகு திரவம் கொண்ட கெப்பாசிட்டர்கள் இருந்தன. உலகம் முழுக்க அவை தலை உப்பி வெடித்தன. காலையில் நாலு தரம் அமுக்கினால்தான் ஆன் ஆகிறது என்றால், பார்க்க வேண்டியவற்றில் இந்தக் கெப்பாசிட்டர்களும் அடக்கம். எஸ்எம்பிஎஸ்ஸில் பச்சைக் கம்பியையும் கறுப்பையும் இணைத்து, ஃபேன் சுற்றியதும் ‘இது நல்லது’ என்று முடிவு கட்டுவோர் உண்டு. அது அவசரம். சுமை ஏறும்போது 12 வோல்ட் 11.4க்குக் கீழே இறங்குகிறதா என்று மல்டிமீட்டரில் பார்ப்பவரே தேர்ந்தவர். அந்த எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தாக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வெள்ளம் தொழிற்பேட்டைக்குள் புகுந்தது. நனைந்த கணினிக்கு மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் அதைக் கொல்வது. சிஆர் 2032 என்ற காசு பேட்டரியையும் கழற்றி, சேற்றை நல்ல தண்ணீரில் அலசி, நாள் கணக்கில் உலர வைக்கும் பொறுமை வேண்டும்.

எனக்கு வருத்தம் தருவது ஒன்று. எதற்கெடுத்தாலும் ‘ஃபார்மட் போட்டுடலாம்’ என்கிறார்கள். கோளாறு ரேமில் இருக்க, பல வருடக் கணக்கு வழக்கு அழிந்துபோகிறது. ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று தட்டினால், மேலும் மேலும் ஆன் செய்யாமல் முதலில் நகல் எடுக்கத்தான் பார்க்க வேண்டும்.

இதில் வாடிக்கையாளர்களான நமக்கும் பங்குண்டு. மாற்றிய பொருளுக்குக் காசு கொடுக்கிறோம். கண்டுபிடித்த மூளைக்குக் கொடுக்க யோசிக்கிறோம். ரப்பர் தேய்த்ததற்கா ஐந்நூறு ரூபாய் என்று பேரம் பேசினால், அடுத்த முறை அவர் புது போர்டை மாட்டிவிட்டுப் போவார். எந்தப் பொருளும் மாற்றாமல் உங்கள் கணினியை ஓட வைத்தவருக்கு அந்தக் கூலியை முழுதாகக் கொடுங்கள்.