வானவழியும் வீட்டுவழியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நம் காட்கோபரில் மொட்டை மாடியில் நின்றால், சாந்தாகுரூசை நோக்கி இறங்கும் விமானங்கள் தாழப் பறந்து செல்வதைக் காணலாம். அவ்வாறு கண்ட என் பேரன், "தாத்தா, சென்னை எவ்வளவு தூரம்?" என்று கேட்டான். அந்த வினாவே இன்று என் பேச்சின் பொருள்.

வான்வழியே நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 1,030 கிலோமீட்டர். இருப்புப் பாதை சோலாப்பூர், ராய்ச்சூர், குண்டக்கல் என்று வளைந்து செல்வதால் ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் விரையும் விமானத்திற்கு ஒன்றேகால் மணி போதும் என்று கணக்குச் சொல்லும். ஆயினும் கால அட்டவணை இரண்டு மணி அளவு காட்டுகிறது. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், வேகத்தைக் குறைத்து இறங்குதல், முறை வரும்வரை வானில் வட்டமிடுதல் ஆகியவற்றிற்கும் நேரம் வேண்டுமன்றோ?

இவ்வழி எளிதில் அமைந்ததன்று. பம்பாயிலிருந்து வந்த தண்டவாளமும் சென்னையிலிருந்து வந்த தண்டவாளமும் ராய்ச்சூரில் கைகோத்தது 1871-இல். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து சிறு விமானத்தில் அஞ்சற் பையுடன் ஜுஹுவில் வந்திறங்கினார். அப்பையை அங்கிருந்து நெவில் வின்சென்ட் சென்னைக்குக் கொண்டு சென்றார். வழியில் பெல்லாரியில் இரவு தங்கி மறுநாளே சென்னை சேர்ந்தார். 1949 ஜனவரி 30 முதல் இரவு விமான அஞ்சல் நடைபெற்றது. பம்பாய், சென்னை, டெல்லி, கல்கத்தா விமானங்கள் நாகபுரியில் நள்ளிரவில் கூடிப் பைகளை மாற்றிக்கொண்டு விடியுமுன் திரும்பின. கடிதம் பறந்தது, அதை எழுதிய ஏழைத் தமிழனோ இரயிலில்தான் சென்றான்.

அவர்களுள் நானும் ஒருவன். 1974-இல் என் தந்தையார் மறைந்த செய்தி தந்தியில் வந்தது. தாதரில் இரயிலேறி, எழும்பூரில் வண்டி மாறி, திருநெல்வேலியில் இறங்கி, பேருந்தில் ஊர் சேர்ந்தபொழுது மூன்றாம் நாள். அண்ணன் கொள்ளி வைத்து முடித்திருந்தார். சாம்பலைத்தான் நான் கண்டேன். அம்மா என்னைக் குறை கூறவில்லை, "சாப்பிட்டாயா?" என்று மட்டுமே கேட்டாள். அந்தச் சொல் இன்றும் என்னைச் சுடுகிறது.

இன்று இரண்டு மணியில் சென்னை. ஆயினும் நம்மிற் பலருக்கு வீடு சென்னையில் இல்லை. அங்கிருந்து நெல்லைச் சீமைக்கு இன்னும் 600 கிலோமீட்டருக்கு மேல். நள்ளிரவில் துயரச் செய்தி வந்தால், விடியற்காலை விமானத்திற்கு அப்பொழுதே பணம் கட்ட வேண்டும்; கடைசி நேரக் கட்டணமோ பன்மடங்கு. நாட்கூலி பெறுபவருக்கு அந்த 1,030 கிலோமீட்டர் இன்றும் சுருங்கவில்லை. தொலைவைக் கிலோமீட்டரால் அளப்பது நூலோர் முறை. கையிருப்பால் அளப்பது நம் வாழ்வின் முறை.

ஆகவே ஒரு வேண்டுகோள். இச்சங்கத்தில் அவசரப் பயண நிதி ஒன்று தொடங்குவோம். பெற்றோரின் இறுதி முகம் காணச் செல்பவர்க்கு, வட்டியின்றி, அந்த இரவிலேயே பணம் கிடைக்கட்டும். ஊர் திரும்பியபின் அவர் சிறிது சிறிதாகத் திருப்பித் தரட்டும். என் பங்காக ஒரு மாத ஓய்வூதியத்தை இம்மேடையிலேயே பொருளாளரிடம் அளிக்கிறேன்.

இளைஞர்களே, இன்னொன்றும் சொல்வேன். துயரச் செய்திக்காகக் காத்திராதீர்கள். பொங்கலுக்கு ஒருமுறை ஊருக்குச் சென்று வாருங்கள். அம்மா "சாப்பிட்டாயா?" என்று கேட்கும்பொழுது, எதிரில் அமர்ந்து விடை சொல்லுங்கள்.