தோட்டத்து இரயில் நிலையம்



மேசை மீது வட்டமிட்டு ஓடும் பொம்மை இரயிலை நாம் யாவரும் அறிவோம். மழையிலும் வெயிலிலும் பனியிலும் திறந்த தோட்டத்திலேயே ஓடும் இரயில் ஒன்றும் உண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அவ்வண்டியைப் பற்றியதும் அன்று. அது நின்று செல்லும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கட்டடத்தைப் பற்றியது.

பணி நிமித்தம் ஜெர்மனியில் நூரம்பெர்க் நகரில் நான் சில ஆண்டுகள் வாழ்ந்தேன். பொம்மைத் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. 1968-ஆம் ஆண்டில் அவ்வூர் லேமான் நிறுவனத்தார் எல்.ஜி.பி. என்னும் தோட்டத்து இரயிலை வெளியிட்டனர். அதன் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 45 மில்லிமீட்டர். உண்மை அளவில் இருபத்திரண்டரையில் ஒரு பங்கு. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். ஒரு காலத்தில் எழும்பூரிலிருந்து இராமேசுவரம் சென்ற வண்டியும், இன்றும் நீலகிரி மலையேறும் வண்டியும் மீட்டர் பாதையைச் சேர்ந்தவையே அல்லவா? ஆதலின் அடுத்த வீட்டுத் தோட்டத்தில் அத்தண்டவாளத்தைக் கண்டபோது எனக்கு அஃது அயலாகத் தோன்றவில்லை.

அவ்வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்றவர். அவருடைய ரோஜாச் செடிகளின் நடுவே இரயில் நிலையம் ஒன்று நின்றது. துண்டு துண்டாகப் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சேர்த்த கட்டடம். அவர் மனைவியார் ஒரு குளிர்காலம் முழுவதும் சமையலறை மேசையில் வைத்து அதனை உருவாக்கி, வண்ணமும் தீட்டியிருந்தார். அம்மையார் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. நிலையத்தின் மூலைகள் பிளந்திருந்தன. சிவப்புக் கூரை வெளுத்திருந்தது. பெரியவருக்கோ கைநடுக்கம். "சீர்ப்படுத்தித் தர இயலுமா?" என்று என்னைக் கேட்டார். பொறியியல் கற்றவன் என்ற செருக்கில் நானும் இசைந்தேன்.

வீடு ஒழுகினால் ஓட்டையை அடைக்க வேண்டும். இதுவே நான் அறிந்த சாத்திரம். ஆகவே இடுக்குகள் யாவற்றையும் சிலிக்கோன் பசையால் அடைத்தேன். கூரையையும் சேர்த்து ஒட்டினேன். அடித்தளத்தைக் கான்கிரீட் பலகையின் மீது அசையாதபடி பதித்தேன். மார்ச்சு மாதம் பனி கரைந்தபின் சென்று பார்த்தால், அடித்தளம் நெடுகப் பிளந்து கிடந்தது. அம்மையார் தம் கையால் எழுதிய நிலையப் பெயர்ப்பலகையும் இரண்டாகியிருந்தது.

காரணம் பின்னர்தான் விளங்கிற்று. பாலிஸ்டைரின் என்னும் அந்தப் பிளாஸ்டிக் வெப்பத்தில் கான்கிரீட்டைவிடப் பல மடங்கு விரியும். அரை மீட்டர் நீளமுள்ள சுவர் 40 டிகிரி வேறுபாட்டில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். அதற்கு நான் இடம் வைக்கவில்லை. மேலும், அடைத்த பெட்டிக்குள் சிக்கிய ஈரக்காற்று இரவில் குளிர்ந்து சுவரில் வியர்த்து, அடியில் தேங்கிற்று. நீர் உறையும்போது பருமனில் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகும். வெளி மழையைத் தடுத்தேன். உள்ளே பெய்த மழைக்கு வழி விடவில்லை.

இதனைப் பெரியவரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் துணிவு வரவில்லை. சொன்னபோது, பலகைத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு என்னைத் தம் பட்டறைக்கு அழைத்துச் சென்று, தாம் நாற்காலியில் அமர்ந்து, என் கைகளைக் கொண்டு வேலை வாங்கினார்.

முதலில் எல்லாவற்றையும் பிரித்துச் சோப்பு நீரில் கழுவினோம். புதிய பாகங்களையும் கழுவத்தான் வேண்டுமாம். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய் அவற்றில் ஒட்டியிருந்தால் வண்ணம் பற்றாது. இணையும் முகங்களில் இருந்த பழைய வண்ணத்தைச் சுரண்டினோம். பிளாஸ்டிக்கை ஒட்டும் திரவம் பசை அன்று. இரு முகங்களையும் கரைத்து ஒன்றாக்கிவிடும் கரைப்பான். கொல்லன் இரும்பைப் பற்றவைப்பது போன்றது அது. ஆயின் சன்னலின் தெளிந்த தகட்டை அதன் ஆவி பட்டாலே வெண்மையாக்கிவிடும். அதற்கு மட்டும் ஓரங்களில் ஒரு துளி சிலிக்கோன். உள்மூலை ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் பட்டை வைத்து வலுவூட்டினோம்.

அடித்தளத்தில் நீர் வடியத் துளைகள் இட்டோம். கூரை இறவாணத்தின் கீழ்க் காற்றுக்குத் துளைகள். கூரையை ஒட்டாமல் திருகாணியால் பொருத்தினோம். கட்டடத்தைச் சரளைக்கல் மேடையில், மண் தெறிக்காத உயரத்தில் நிறுத்தினோம். காற்று தூக்கிவிடாதிருக்க இரண்டு திருகாணிகள். ஒன்றுக்கு வட்டத் துளை, மற்றதற்கு நீண்ட துளை. கோடையில் விரியும் பிளாஸ்டிக் அந்த நீண்ட துளையில் நகர்ந்துகொள்ளும். விளக்கொளி சுவரை ஊடுருவாதபடி உட்புறத்திற்குக் கருப்பு வண்ணம்.

வெளிச்சுவருக்குப் புதிய வண்ணம் பூசலாம் என்றேன். வண்ணம் அழகுக்கு மட்டுமன்று. வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கை நொறுங்கச் செய்வதைத் தடுக்கும் குடையும் அதுவே. கூரைக்குப் பூசச் சொன்ன பெரியவர், சுவரைத் தொட விடவில்லை. "அது அவள் பூசியது," என்றார். ஆகவே சுவருக்கு அக்கதிரைத் தடுக்கும் மங்கல் வார்னிஷ் மட்டும் இரண்டு மெல்லிய பூச்சு. சில ஆண்டுகளுக்கொருமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். பெயர்ப்பலகையை ஒட்டினோம்; வெடிப்பு தெரியத்தான் தெரிகிறது.

குளிர்காலம் வந்தது. பலரும் கட்டடங்களை அப்போது வீட்டுக்குள் எடுத்து வைப்பர். அதுவே நல்லது என்று நானும் வற்புறுத்தினேன். பெரியவர் இணங்கவில்லை. பனியின் நடுவே விளக்கெரிய நிற்கும் நிலையத்தைத்தான் அம்மையார் சன்னலருகே நின்று பார்ப்பாராம்.

மார்ச்சில் திருகாணிகளைக் கழற்றினேன். பெரியவர் குடை பிடித்து அருகே நின்றார். கூரையைத் தூக்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. ஒரு மூலையில் சிலந்தி ஒன்று மட்டும் குடியேறியிருந்தது. அதனை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.