குத்தகை மாறலாம், உழைத்த ஆண்டுகள் மறையலாமா?

பந்திங் வட்டாரத்தில் ஓர் அரசாங்கப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் மாறியிருப்பார், கட்டடத்தின் சாயம் மாறியிருக்கும். கழிவறையைக் கழுவும் அம்மா மட்டும் 15 ஆண்டுகளாக அதே அம்மாதான். ஆனால் நிறுவனத்தின் கணக்கில் அவர் போன வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்!

பள்ளிகளின் துப்புரவும் காவலும் தனியார் குத்தகை நிறுவனங்களிடம் இருக்கின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளில் குத்தகை முடிகிறது. அடுத்த நிறுவனம் வந்து பெரும்பாலும் பழைய ஆட்களையே எடுத்துக்கொள்கிறது. புதிய கடிதம், புதிய தேதி. ஒரே முதலாளியிடம் வேலை செய்த காலத்தைத்தான் சட்டம் பணிக்காலமாகக் கணக்கிடுகிறது.

டாக்டர் மகாதீர் 1983இல் தனியார்மயக் கொள்கையை அறிவித்தார். மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை, மருத்துவக் கழிவு, பராமரிப்பு வேலைகள் 1997 தொடக்கத்தில் மூன்று நிறுவனங்களுக்குப் போயின. அதற்கு முன் அவற்றைச் செய்தவர்கள் அரசாங்க ஊழியர்கள். ஓய்வூதியம் இருந்தது, குடும்பத்துக்கு மருத்துவ வசதி இருந்தது, வீட்டுக் கடன் கிடைத்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் பல அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தன.

இன்றைய கணக்கைப் பாருங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டு நிறையாதவருக்கு ஆண்டு விடுமுறை 8 நாள், மருத்துவ விடுப்பு 14 நாள். ஐந்து ஆண்டைத் தாண்டியவருக்கு 16 நாளும் 22 நாளும். நம் அம்மா ஒவ்வொரு குத்தகையிலும் எட்டுக்கும் பதினான்குக்கும் திரும்புகிறார். முட்டிவலியும் சர்க்கரை நோயும் வருகிற வயதில் விடுப்பு மட்டும் ஏறுவதில்லை.

ஆட்குறைப்பு இழப்பீடு இன்னும் கொடுமை. ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் பணியாற்றியவருக்கு, ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்பது விதி. 15 ஆண்டுக்கு 300 நாள் சம்பளம்! "குத்தகைக் காலம் முடிந்தது" என்று அனுப்பப்படுகிறவர் கையில் இது வருவது அரிது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளியானது. நல்லதுதான். நேற்று வந்தவருக்கும் இவருக்கும் அதே 1,700.

அரசாங்கத்துக்குச் செலவு மிச்சம் என்பார்கள். எதில் மிச்சம்? சோப்பும் துடைப்பமும் எல்லா நிறுவனத்துக்கும் ஏறக்குறைய ஒரே விலைதானே. குறைந்த விலை கேட்டுக் குத்தகை எடுப்பவர், ஆள் கூலியில்தான் அதை ஈடுகட்ட முடியும்.

வழி இல்லாமல் இல்லை. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டு விதிகளின்படி, துப்புரவுக் குத்தகை கைமாறினால், அந்த இடத்துக்கென்றே வேலை செய்த பணியாளர்களும் பழைய பணிக்காலத்தோடு புதிய நிறுவனத்துக்கு மாறுகிறார்கள். இங்கே புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்வி அமைச்சும் சுகாதார அமைச்சும் அடுத்த டெண்டரிலேயே இந்த நிபந்தனையை எழுதலாம். குத்தகைக்குப் பணம் கொடுப்பது அவர்கள்தானே?

அதுவரை, இந்த வேலையில் இருக்கும் சகோதரிகள் ஒன்று செய்யுங்கள். பழைய வேலைக் கடிதங்களைக் குப்பையில் போடாதீர்கள். இ.பி.எஃப். அறிக்கையை மாதாமாதம் பிள்ளைகளை விட்டுக் கைப்பேசியில் பார்க்கச் சொல்லுங்கள். முதலாளியின் பெயர் எத்தனை முறை மாறியிருந்தாலும், கட்டிய சந்தா அதில் வரிசையாக இருக்கும். ஒரு மாதம் விடுபட்டாலும் உடனே புகார் செய்யுங்கள், அடுத்த நிறுவனம் வந்த பிறகு பழையவரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.