விழுந்த மரத்தை அகற்றுவதும் நிவாரணமே!

(புயல் நிவாரணக் கோரிக்கை ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

புயல் அடித்தால் இழப்பீடு எவ்வளவு என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் விழுந்து கிடக்கிறதை யார் எடுப்பது, யார் காசில் எடுப்பது? அந்தக் கேள்வியை நாம் உரக்கக் கேட்டதில்லை. அதைக் கேட்கத்தான் இன்றைக்கு இங்கே கூடியிருக்கிறோம்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதியில் முப்பது நாற்பது வருஷமாகப் பிள்ளையைப் போல வளர்த்த தென்னைகள் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்தன. வெளி மாவட்டம், வெளி மாநிலத்திலிருந்தெல்லாம் மின் ஊழியர்கள் வந்து, மழையிலும் சேற்றிலும் நின்று கம்பம் நட்டார்கள். அந்த உழைப்பை மறக்க மாட்டோம். ரோட்டில் கிடந்த மரத்தை அரசு அப்புறப்படுத்தியது. தோப்புக்குள் கிடந்த மரத்தை? "உன் மரம், நீயே எடுத்துக்கோ" என்று விட்டுவிட்டார்கள்.

அப்போது தமிழக அரசு அறிவித்தது மரத்துக்கு இழப்பீடு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய். எக்டருக்கு 175 மரம் என்று கணக்குப் போட்டு 1,92,500 ரூபாய். கேட்பதற்குப் பெரிய தொகை. ஒரு ஏக்கர் வைத்திருப்பவனுக்குப் பிரித்துப் பாருங்கள். சுமார் 70 மரம். அகற்ற 35,000 ரூபாய். இதில்தான் மட்டை கழிக்கணும், மரத்தைத் துண்டு போடணும், தூரைத் தோண்டி எடுக்கணும், தோப்புக்கு வெளியே இழுத்துப் போடணும், குழியை மூடணும். ஊரெல்லாம் ஒரே நாளில் மரம் விழுந்தால் ஜேசிபி வாடகை ஏறும், அறுவை மெஷின் கூலி ஏறும். விற்கப் போன மரத்தின் விலை மட்டும் இறங்கும். வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர் இருக்கிறீர்கள்!

இன்னொரு கொடுமை. கணக்கெடுக்க ஆள் வருகிறவரைக்கும் மரத்தைத் தொட முடியவில்லை. தொட்டால் "விழுந்ததற்கு என்ன சாட்சி?" என்கிறார்கள். தொடாமல் போட்டால் தோப்பில் மாடு கட்ட இடமில்லை, ஊடுபயிர் வைக்க இடமில்லை. குத்தகைக்காரர் பாடு இதைவிட மோசம். பணம் பட்டாதாரர் பேருக்குப் போகும், மரத்தை இழுத்துப் போடுகிற வேலை இவர் தலையில் விழும்.

மரத்தைக் கிடக்கவிட்டால்தான் என்ன என்று சிலர் கேட்கலாம். மக்கிய தென்னை மரமும் எருக்குழியும்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடுகிற இடம். சில மாசத்தில் புழு வண்டாகிப் பறந்து, புயலுக்குத் தப்பி நிற்கிற மரத்தின் குருத்தைக் குடையும். புதிதாக நட்ட கன்றில் குருத்தைத் தின்றுவிட்டால் கன்றே போச்சு. காயம்பட்ட மரத்தில் சிகப்புக் கூன்வண்டு முட்டை வைக்கும். அது உள்ளே தின்பது வெளியே தெரியாது, தெரியும்போது மரம் கைவிட்டுப் போயிருக்கும். ஒருத்தர் தோப்பில் கிடக்கிற மரம் ஊர்த் தோப்பையெல்லாம் அழிக்கும். அதனால்தான் இது தனி ஆள் வேலை இல்லை, பொது வேலை என்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு 2022 முதல் 2026 வரை வகுத்த விதியில், வயலில் 3 அங்குலத்துக்கு மேல் மணல், வண்டல் படிந்தால் அகற்ற எக்டருக்கு 18,000 ரூபாய் என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். தென்னை போன்ற நீண்டகாலப் பயிர் அழிந்தால் எக்டருக்கு 22,500, அதுவும் 2 எக்டர் வரைக்கும்தான். விழுந்த தென்னையை அகற்ற மரத்துக்கு இவ்வளவு என்று அதில் தனியாக இல்லை. 2018-ல் கிடைத்த 500 ரூபாய் அந்தப் புயலுக்கு என்று போட்ட அறிவிப்பு. அடுத்த புயலுக்கு அது செல்லும் என்று யார் உறுதி கொடுப்பது? மண் மூடினால் அகற்றக் காசு உண்டு, மரம் மூடினால் இல்லையா?

தோழர்களே, அரசைக் கேட்கிற அதே நேரத்தில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. மரத்தில் கை வைக்கும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். மட்டையைக் கொளுத்தாதீர்கள், நிற்கிற மரத்தின் வேர் வெந்துபோகும். துண்டு துண்டாக்கி மரத்தடியில் மூடாக்குப் போடுங்கள். எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள், பச்சை மஸ்கார்டைன் பூஞ்சாணத்தைக் கலந்து விடுங்கள். கன்றின் குருத்துப் பக்கத்து மட்டை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு கலந்து போடுங்கள். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை மேலும் உடைக்காமல், தண்ணீர் தெளித்துத் தனியாக எடுத்து வையுங்கள், அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். செத்த ஆடுமாடுகளைக் கிணறு, குளத்துக்கு எட்ட ஆழக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

நம் கோரிக்கைகள்:

1. விழுந்த மரத்தை அகற்றும் செலவை, அன்றைய கூலி, வாடகை நிலவரப்படி, நிவாரண விதியிலேயே நிரந்தரமாகச் சேர்க்க வேண்டும்.

2. போட்டோவையும் பக்கத்துத் தோப்புக்காரர் சாட்சியையும் ஏற்று, கணக்கெடுப்புக்குக் காத்திராமல் மரத்தை வெட்ட அனுமதிக்க வேண்டும்.

3. வேளாண் பொறியியல் துறை மூலம் அறுவை இயந்திரம், மட்டை தூளாக்கும் இயந்திரம், ஜேசிபி ஆகியவற்றைச் சிறு, குறு விவசாயிகளுக்கு வாடகையின்றித் தர வேண்டும். உள்ளூர் விவசாயத் தொழிலாளர்களுக்கே அந்த வேலையைக் கொடுத்து, கூலியை அரசு தர வேண்டும்.

4. வெட்டிய மரத்துக்கு அரசே விலை வைத்துக் கொள்முதல் செய்ய வேண்டும்.

5. அகற்றும் தொகை, உண்மையில் சாகுபடி செய்கிற குத்தகைதாரருக்குப் போய்ச் சேர வேண்டும்.

6. வாய்க்கால், வடிகாலில் விழுந்த மரங்களையும் குப்பைகளையும் அடுத்த மழைக்கு முன் அரசு அகற்ற வேண்டும்.

இது பிச்சையல்ல, உரிமை. புயல் வந்தபின் ஓடுவதைவிட, வருமுன் விதியை மாற்ற வைப்போம். ஊருக்கு ஊர் கையெழுத்து வாங்குவோம், கிராமசபையில் தீர்மானம் போடுவோம்.

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக! போராடுவோம், வெற்றி பெறுவோம்!