புறாக்கள் சேர்ந்து பறந்தால் வலையும் பறக்கும்

(தானா ராத்தாவில் நடைபெற்ற தொலைக்காட்சி மன்றத்தில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



‘விலங்குக் கார்ட்டூன் பிள்ளைகளுக்கு நட்பைக் கற்றுத் தருமா?’ என்பது இன்றைய தலைப்பு. தரும் என்பதே என் கட்சி. ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் நாட்டின் முதல் கார்ட்டூன் குறும்படம் ‘ஹிக்காயாட் சாங் கஞ்சில்’. அதை இயக்கியவர் ஆனந்தம் சேவியர். பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள் அல்லவா? 1978-இல் உருவான அந்தப் படம், 1983-இல்தான் தொலைக்காட்சியில் ஒளியேறியது. 2009-இல் வந்த ‘கெங்’ நாட்டின் முதல் முப்பரிமாணக் கார்ட்டூன் திரைப்படம். அதில் விலங்குகளோடு பேசத் தெரிந்த பையன் யார்? நம்ம ராஜு!

சாங் கஞ்சில் என்ற சருகுமான் பெரிய கெட்டிக்காரன். முதலைகளை எண்ணப் போவதாகச் சொல்லி வரிசையாக நிற்க வைத்து, அவற்றின் முதுகில் மிதித்தே ஆற்றைக் கடந்தவன். ஆனால், அது தனி ஆளாகத் தப்பிக்கும் சாமர்த்தியம். கூடி வாழும் பாடம் பஞ்சதந்திரத்தில் இருக்கிறது. வேடன் வலையில் சிக்கிய புறாக்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கவில்லை. ஒரே நேரத்தில் சிறகடித்து வலையோடு பறந்தன. நண்பனான எலி வலையைக் கடிக்க வந்தபோது, “முதலில் என் கூட்டத்தாரை விடுவி, பிறகு என்னைப் பார்” என்றது தலைவன் புறா. இதைவிடப் பெரிய தலைமைத்துவப் பாடம் உண்டா?

அந்தப் பஞ்சதந்திரத்தை, 1835-இல் முன்ஷி அப்துல்லா தமிழ் நண்பர் ஒருவரின் துணையோடு தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுபோனார். நட்பைப் பற்றிய கதை நட்பாலேயே மொழி கடந்தது.

கார்ட்டூன் என்பதே கூட்டு வேலைதான். திரையில் ஒரு விநாடி ஓட 24 சட்டங்கள் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 1,440. ஒரே ஓவியத்தை இரண்டு முறை படம்பிடித்தாலும் 720 ஓவியங்கள். வரைபவர், வண்ணம் தீட்டுபவர், குரல் கொடுப்பவர் என்று பல கைகள் சேர்ந்தால்தான் ஒரு முயல் துள்ளும். நம் கேமரன் மலையில் பார்க்கிறோமே, கொழுந்து வெட்டும் இயந்திரத்தை இருபுறமும் இருவர் பிடித்து, ஒரே நடையில் நடக்க வேண்டும். ஒருவர் முந்தினால் நிரை கெட்டுவிடும்.

இனி நிபந்தனைக்கு வருகிறேன். நான் பிறந்த லயத்தில், 1990-களின் கடைசியில்கூட, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் பத்துப் பிள்ளைகள் கூடுவோம். யார் முன்னால் உட்காருவது என்று சண்டை போடுவோம். படம் முடிவதற்குள் இடம் விட்டுக் கொடுக்கக் கற்றிருப்போம். இன்று ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள், மூன்று கைப்பேசிகள், மூன்று மூலைகள். ஒற்றுமையைச் சொல்லும் கதையைப் பிள்ளை ஒற்றையாகப் பார்க்கிறது!

பெற்றோரே, நான் கேட்பது வாரத்தில் அரை மணி நேரம்தான். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே திரை முன்னால் உட்கார வையுங்கள். நீங்களும் உட்காருங்கள். படம் முடிந்ததும், “ஒரு புறா மட்டும் பறக்க மாட்டேன் என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?” என்று தமிழில் கேளுங்கள். பிள்ளை யோசித்துச் சொல்லும் பதிலில்தான் நட்புப் பாடம் தொடங்குகிறது.