ஐந்து பேருக்கு ஒரு டிக்கெட்

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளிடம், "சனி, ஞாயிறு எப்படிப் போகிறது?" என்று கேட்டால், "ஃபிரண்ட்ஸோட பக்கத்து ஊருக்குப் போவோம்" என்பார்கள். வெறும் ஊர்சுற்றல் என்று நாம் தள்ளிவிடுகிறோம். ஆனால் அதிலும் ஒரு கலை இருக்கிறது. ஜெர்மனியில், மியூனிக்கில் இருந்த காலத்தில் நான் பார்த்ததை வைத்து அதைக் கொஞ்சம் எடைபோடலாம்.

அங்கே இந்தப் பழக்கத்தை வளர்த்துவிட்டதே ஒரு ரயில் டிக்கெட்தான். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்துக்கென்று 'பயர்ன் டிக்கெட்' என்று ஒன்று உண்டு. முதல் ஆளுக்கு ஒரு தொகை. கூட வருகிற ஒவ்வொருவருக்கும் அதைவிட மிகக் குறைவு. ஐந்து பேர் வரை சேரலாம். அன்று முழுவதும் மாநிலத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம். வார நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் செல்லும். சனி, ஞாயிறுகளில் அந்தத் தடை இல்லை. ஐ.சி.இ. எனும் அதிவேக ரயில் போன்ற நெடுந்தூர ரயில்களில் மட்டும் ஏறக்கூடாது. பெயர்களை டிக்கெட்டில் எழுதிவிட்டால், பாதியில் ஆள் மாற்றவும் முடியாது.

மியூனிக்கிலிருந்து அதே மாநிலத்து நியூரம்பெர்க் போக ஐ.சி.இ.யில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இந்த டிக்கெட் செல்லும் ரயிலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி. அந்தக் கூடுதல் நேரத்தை நான் லாபக் கணக்கில்தான் எழுதுவேன். எதிரெதிரே உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தால், வாரமெல்லாம் அடக்கிவைத்த பேச்சு தானாக வரும். ஒருவருக்கொருவர் யார் என்று தெரிவதே அங்கேதான்.

இறங்கிய பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கோட்டை, ஓவியர் ட்யூரரின் வீடு, அருங்காட்சியகம், சந்தை என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். மாலையில் கால் வலி. எங்கே சாப்பிடுவது என்பதில் சண்டை. கைபேசி நிறையப் படம் இருக்கும். எது எந்த ஊர் என்று மறுவாரமே மறந்துபோகும்.

நேர்த்தியாகச் செய்பவர்கள் இரண்டே இடம் எடுத்துக்கொள்வார்கள். இடத்துக்கு ஒருவர் முன்கூட்டியே படித்து வருவார். நியூரம்பெர்க் சந்தைச் சதுக்கத்தில் ஃபிரவுன்கிர்ஷே என்ற மாதா கோயில். நண்பகல் பன்னிரண்டு அடித்ததும், முகப்புக் கடிகாரத்தில் ஏழு இளவரசர் பொம்மைகள் வெளியே வந்து, அமர்ந்திருக்கும் நான்காம் கார்ல் பேரரசரை வலம் வரும். 1509இல் அமைத்த பொறி. கூட்டம் கைபேசியை உயர்த்திப் படம் எடுத்துவிட்டுக் கலைந்துவிடும். படித்து வந்த நண்பர் இருந்தால் நிறுத்திச் சொல்வார்: "இந்தக் கோயில் இருக்கிற இடத்தில் முன்பு யூதர்களின் தொழுகைக்கூடம் இருந்தது. 1349இல் இதே கார்லின் அனுமதியோடு யூதக் குடியிருப்பை இடித்தார்கள். 500க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள்." அதற்குப் பிறகு அந்தப் பொம்மைகள் வேறு மாதிரித் தெரியும். மெட்ரோவில் சில நிறுத்தங்கள் தாண்டினால் 600ஆம் எண் நீதிமன்ற அறை. நாஜித் தலைவர்களை 1945 நவம்பர் முதல் மறு ஆண்டு அக்டோபர் வரை விசாரித்த இடம். சதுக்கத்தையும் அந்த அறையையும் ஒரே நாளில் பார்த்தவருக்கு அந்த ஊரைப் பற்றி வாழ்நாளுக்கும் யோசிக்க விஷயம் இருக்கும்.

இப்படிச் சேர்ந்து போகும் தேவையைக் குறைப்பதுபோல், 2023 மே மாதத்தில் ஜெர்மனி முழுவதற்கும் 49 யூரோ மாதச் சீட்டு வந்தது. பின்னர் விலையும் ஏறியது. அவரவர் சீட்டு அவரவர் பையில். சலித்தவர் முன்னதாகவே திரும்பலாம். தாமதமாக வருபவருக்காக யாரும் பிளாட்பாரத்தில் காத்திருக்க வேண்டியதில்லை. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் சிக்கனத்துக்காகக் கூடிய ஐவர், சேர்ந்து நடக்கவும் விட்டுக்கொடுக்கவும் பழகினார்கள். அந்தக் கட்டாயம் இப்போது இல்லை. இனி அதை நண்பர்களே விரும்பி ஏற்றுக்கொண்டால்தான் உண்டு. போகிற பிள்ளைகளுக்கு என் யோசனை ஒன்றுதான்: இடத்தைக் குறையுங்கள், படித்துவிட்டுப் போங்கள், போனவர்கள் எல்லாரும் ஒரே ரயிலில் திரும்புங்கள்.